கண்டக்டர் இல்லாத பஸ்

நான் சைக்கிளையே வேலியில் விடுகிறவன். ஆனால் கம்ப்யூட்டர் விளையாட்டில் பஸ் ஓட்டுவேன். அதில் நாமே மாற்றங்கள் செய்வதை 'மோட்' என்பார்கள். அதைக் கற்று, எங்கள் பாகூர் பஸ்ஸை உள்ளே கொண்டுவந்தேன். கண்டக்டரான அப்பாவைக் கெஞ்சி, "பாகூர்லாம் எறங்குப்பா!" என்று சொல்லவைத்து, பதிவுசெய்து அதில் சேர்த்தேன்.

அப்பா இறந்தபின் அந்தக் குரலைக் கேட்க அம்மா தினமும் என் பக்கத்தில் உட்காருவார்.

ஒருநாள் புது ஹாரன் மோட் போட்டேன். பழைய ஒலிகளை அழிக்கவா என்று கேட்டது. பெரிய நிபுணன் மாதிரி 'சரி' கொடுத்தேன். அப்பாவின் குரலும் போயிற்று. வேறு நகல் இல்லை.

"இன்னாடா, உங்கப்பா இன்னிக்கு லீவா?" என்றார் அம்மா.

சொன்னேன். "உன்னாண்ட எதுதான்டா உருப்படும்?" என்று அழுதார்.

இப்போதெல்லாம் நகல் எடுக்காமல் எதையும் தொடுவதில்லை. அம்மா என்னைத் திட்டுவதைப் பதிவுசெய்து இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன்.