மல்லாட்டை நிலத்தில் ஆனைப்புல்

மாட்டுக்குப் புல் பயிரிடுவது லேசான வேலைதான். ஏன் பயிரிட்டாய் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லித்தான் மாளாது. என்னைப் போல் தீவனம் போட்டு ஊர் வாயில் விழுந்தவர்களுக்கு இது புரியும்.

வீட்டுச் சந்தேகம்

எழுபதுகளின் கடைசி. அடி அண்ணாமலையில் கிணற்றை ஒட்டியிருந்த நிலக்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, போடும் கால் காணி நிலத்தை உழுது, ஆனைப்புல் என்ற ஒட்டுத் தீவனப்புல்லின் தண்டை வெட்டிக் கரணையாக நட்டேன். ஒரு தடவை நட்டால் வருஷக்கணக்கில் அறுத்துக்கொண்டே இருக்கலாம். புதிதாக வாங்கிய ஜெர்சி பசுவுக்கு வைக்கோல் மட்டும் போட்டால் பால் வற்றிவிடும் என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார்.

என் மனைவி சரோஜா நம்பவில்லை. அடுத்த ஆடிக்குள் மாடு சினை பிடிக்காவிட்டால் புல்லை அழித்து மறுபடி மல்லாட்டைதான் என்று கெடு வைத்தாள். களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள்: "நேத்து வரைக்கும் புல்லைப் புடுங்கி எறிஞ்ச நெலத்துல இன்னிக்குப் புல்லு நடறீங்க. யாராவது சூனியம் கீனியம் வெச்சிட்டாங்களா?"

பால் சங்கத்தில்

பசும்புல் தின்ற மாடு தாராளமாகக் கறந்தது. சங்கத்தில் பால் அளப்பவர் என்னையும் பார்த்தார், பாலையும் பார்த்தார். பால்மானியை விட்டார்; சரியாக நின்றது. எடுத்துத் துடைத்து மறுபடி விட்டார். அதே இடம்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தண்ணி இல்ல, சரி. அப்போ வேற இன்னா கலக்குறனு சொல்லிடு."

களவு போன மூலை

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் யாரோ வயலின் ஒரு மூலையைச் சுத்தமாக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாட்டாமையிடம் முறையிட்டேன். அவர் தீபத்துக்கு வந்த உறவுக்காரர்களையெல்லாம் பஸ் ஏற்றிவிட்டு, மழையும் விட்ட பிறகு சாவகாசமாக வந்தார். அதற்குள் அறுத்த இடத்தில் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "களவு போன எடம் எங்கப்பா? எல்லாம் நிக்குதே. இப்பிடித் திருடறவன என் நெலத்துக்கும் அனுப்பு."

காற்றில் வந்த விதை

இந்தப் புல் தின்றால் மாடு மலடாகிவிடும், செத்தாலும் செத்துவிடும் என்று பக்கத்து நிலத்து முனுசாமி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட சரோஜா புல்லை உழுது அழிக்க ஏர்க்காரனுக்கே சொல்லி அனுப்பிவிட்டாள். எனக்கும் பயம்தான். ஆனிக் கடைசியில் டாக்டர் மாட்டைப் பார்த்துச் சினை என்றதும் அழுகையே வந்துவிட்டது.

முனுசாமியிடம் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று போனால், அவர் வைக்கோல் போருக்குப் பின்னால் என் புல் நிற்கிறது. காற்றில் விதை வந்து முளைத்திருக்கும் என்றார். இந்த ஒட்டுப்புல்லுக்கு முளைக்கிற விதையே கிடையாது. கரணை வெட்டி நட்டால்தான் உண்டு. காற்று கயிறு பிடித்து வரிசையாகவா நடும் என்று கேட்டேன். மனிதர் அசரவில்லை.

"உன் மாடு சாவுதானு நானும் பாத்துக்கினே இருந்தேன். சாவல. அப்புறம்தான் நட்டேன். பாக்காம எவனாவது நடுவானா?"

இத்தனை வருஷத் தொழிலில் என்னைச் சந்தேகப்படாத ஒரே ஜீவன் அந்தப் பசுதான், அதுவும் பசியில் இருந்ததால்.