சுடுதண்ணி அண்ணியும் ஒரு கைப்பிடித் தூளும்

என் அண்ணிக்கு நான் வைத்த பட்டப்பெயர் சுடுதண்ணி. கரண்டி, துணி, கோழிகளின் தட்டு, எதுவானாலும் கொதிக்கிற நீரில் ஒரு முறை முங்கி எழ வேண்டும். நாத்தனார் நான், சும்மா இருப்பேனா? "எங்களையும் ஒரு நாள் போட்டு எடுத்துடுங்க அண்ணி" என்பேன். சிரிக்கக்கூட மாட்டார்.

அந்த வருடம் மக்காச்சோளம் கிடைக்காமல் கோழிகளுக்குப் பார்லி போட்டோம். வயிற்றில் அது செரிக்காமல் எச்சம் பசையாக ஒழுகியது. கொட்டகையில் பரப்பிய உமி சேறாகி, ஐந்நூறு கோழிகளுக்கும் பாதத்தில் புண். "இதுவும் போச்சுன்னா நான் லாரிக்கே திரும்பிடுறேன்" என்றான் அண்ணன். ஓட்டும்போதே கண்ணயர்ந்து, லாரியோடு பள்ளத்தில் விழுந்து பிழைத்தவன். அண்ணி அன்று சாப்பிடவே இல்லை.

கோழி டாக்டர் ஒரு நொதித் தூள் கொடுத்தார். தீவனத்தைச் செரிக்க வைக்குமாம். நூறு கிலோவுக்கு ஒரு கைப்பிடி!

"யானைப் பசிக்குச் சோளப்பொரியா?" என்றேன்.

ஒரு வாரம் போட்டும் சேறு காயவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல!" என்று குத்தினேன். லாரி முதலாளி அண்ணனைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

அண்ணி அடுப்படிக்குப் போனார். இரண்டு டம்ளர்களில் பார்லி மாவை வெதுவெதுப்பான நீரில் கரைத்தார். ஒன்றில் தூளை அப்படியே போட்டார். மற்றதில், தினமும் தான் செய்கிறபடி, கொதிநீரில் கரைத்து ஆறவைத்த தூளை ஊற்றினார். ஒரு மணி நேரம் கழித்துக் கரண்டியால் தூக்கிப் பார்த்தார். கொதிநீர்க் கூழ் கோந்தாக இழுபட்டது. மற்றது தண்ணீராக ஓடியது.

அம்மாடி! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பல்லில்லை, கத்தியில்லை, நெருப்பில்லை. கண்ணுக்கே தெரியாத ஒன்று என் முன்னால் அந்தப் பசையை வெட்டிப் போட்டிருந்தது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சும்மாவா சொன்னார்கள்?

"நான்தான் கெடுத்தேன்" என்றார் அண்ணி. "சுத்தமா இருக்கட்டுமேன்னு கொதிக்கிற தண்ணில கரைச்சேன். அந்தச் சூட்டுல அதோட சக்தியே போயிடுச்சு."

அன்றே புது உமி பரப்பி, தூளைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துத் தீவனத்தில் கலந்தார். நாலு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகைக்குள் போய் உமியை வெறுங்கையால் அள்ளிப் பிசைந்தார். பொலபொலவென்று உதிர்ந்தது. நொண்டிக்கொண்டிருந்த கோழிகள் தீவனத்துக்கு முண்டியடித்தன.

அண்ணன் அங்கேயே நின்று போன் போட்டான். "இல்லைங்க முதலாளி, நாளைக்கு நான் வரலை. இனிமேலும் வரலை."

அண்ணி அந்த உமியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னிக்கு நான் தூங்குவேன்" என்றார்.