கடைசியாகத் தண்ணீர் ஊற்றிய கை

காங்கோவுக்குப் போய்ச் சண்டை போட்டவர் என்றால் விருத்தாசலத்தில் யாரும் நம்புவதில்லை. "அறுபத்திரண்டுல சண்டை சீனாக்காரனோடதானே?" என்பார்கள். பீங்கான் தொழிற்சாலையில் சூளைக்குள் கோப்பைகளை அடுக்கும் தங்கராசுவும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். ஐ.நா.வின் நீலத் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஆப்பிரிக்காவில் முன்பின் தெரியாத நாடு ஒன்று துண்டாகிவிடாமல் காக்கப் போன சண்டை அது. அவருக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

எழுபத்து மூன்றில், மாசி மாதத்து மத்தியானம் ஒன்றில், கருவேப்பிலங்குறிச்சி கொளஞ்சியம்மாள் தொழிற்சாலை வாசலில் வந்து நின்றாள். அந்தச் சண்டையில் செத்துப்போன சாமிக்கண்ணுவின் பெண்சாதி. கையில் புது வேட்டி.

"மவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேண்ணே. அதுக்கு முந்தி அவ அப்பாவுக்குப் படைக்கணும். கடைசியா வாயில தண்ணி ஊத்துனவங்களுக்குத் துணி எடுத்து வச்சிதான் எங்க வூட்டுல படைக்கிறது. மொகத்தத்தான் நான் பாக்கல. இதையாவது சரியா செய்யணும்."

"ஊத்துனது ராஜமாணிக்கந்தாம்மா," என்றார் தங்கராசு, யோசிக்காமல்.

ராஜமாணிக்கம் அவரோடு பட்டாளத்தில் இருந்தவர். இப்போது சேத்தியாத்தோப்பில் சைக்கிள் கடை. தங்கராசுவும் கொளஞ்சியம்மாளும் பஸ் ஏறிப் போனார்கள். விஷயத்தைச் சொல்லி வேட்டியை நீட்டியதும் ராஜமாணிக்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நானா? யோவ், ஊத்துனது நீயில்ல? என் தண்ணி பாட்டிலு லாரியோட போயிடுச்சேய்யா."

"நான் தலையத் தாங்கிப் புடிச்சிருந்தேன். ஒங்கைதான்யா குறுக்க வந்துச்சு."

"எங்கை அவன் கால்ல கட்டு போட்டுகிட்டு இருந்துச்சு. சூளைச் சூடு மண்டைக்கு ஏறிடுச்சா ஒனக்கு?"

கொளஞ்சியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப, தண்ணி எறங்காமலே உசுரு போச்சா?"

"ஐயோ, இல்லம்மா! குடிச்சான்." தங்கராசு கண்ணை மூடினார். சாமிக்கண்ணுவின் தொண்டை அசைந்தது நிச்சயம். குவளையும் நிச்சயம். ஆனால் அது பட்டாளத்துக் குவளை இல்லை. ஓரம் உதிர்ந்த எனாமல் குவளை. அதைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டில் செம்புக் காப்பு. இத்தனை வருஷமாக அந்தக் கையை எப்படி ராஜமாணிக்கத்துக்குக் கொடுத்து வைத்திருந்தார்?

"யோவ், நாம கெடந்தது யாரு வூட்டு வாசல்ல?"

ராஜமாணிக்கம் தலையைச் சொறிந்தார். "ஒரு பொம்பள கதவத் தொறந்தா. கையத் தூக்கிகிட்டு..."

"அவதாய்யா!"

"அவளா? இருக்கும். எனக்கு ஒண்ணும் சரியா வெளங்கல."

"அவ நம்ம பக்கமாண்ணே, எதிரிப் பக்கமா?" என்று கொளஞ்சியம்மாள் கேட்டாள்.

"நாங்க யாரு பக்கம்னே எங்களுக்கு வெளங்கலம்மா," என்றார் தங்கராசு.

அவள் வேட்டியைப் பைக்குள் வைத்தாள். "அப்ப பொடவைதான் எடுக்கணும்."

விருத்தாசலம் ஜவுளிக்கடையில் வேட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தங்கராசு பக்கம் திரும்பினாள். "வெள்ளையா, கலராண்ணே? அவளுக்குப் புருசன் இருந்தானா?"

எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் மணிக்கட்டுக்கு மேலே அவருக்கு எதுவும் வரவில்லை. அந்தத் தெருவில் அன்றைக்கு யார் புருஷன் இருந்தான், யார் புருஷன் போனான், யார் கண்டது?

"தெரியலயேம்மா," என்றார்.

கொளஞ்சியம்மாள் விரித்திருந்த வெள்ளைப் புடவையை ஒதுக்கினாள். பிறகு மாம்பழக் கலரில் ஒன்றைக் கை காட்டினாள்.

"இருந்தான்னே வச்சிக்குவோம்ணே."