அத்தான் தேர்ந்த ஒலி

கண்ணாடிக்கு அப்பால் அத்தான் கிதாரை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரே கம்பெனியின் ஒரே மாடல் ஆம்ப்ளிஃபயர்கள் இரண்டு. கிழக்கேகோட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் நான் நடத்திய ஒலிப்பதிவுக் கூடம் அது. அத்தான் என் அக்காவின் கணவர். அவருடைய வாசிப்பைத் தேடித்தான் இசையமைப்பாளர்கள் என்னிடம் வந்தார்கள்.

எதில் பதிவு செய்யலாம் என்று பார்க்க, ஒரே மெட்டை இரண்டிலும் வாசித்தார். முதலாவது உருண்டு திரண்டு வந்தது. இரண்டாவதில் ஏதோ பழுது. கீச்சென்று ஊசியாகக் குத்தியது. என் பக்கத்திலிருந்த இசையமைப்பாளர் காதைப் பொத்திக்கொண்டார்.

“லேய், ரெண்டாவதுதான். நல்ல இதமா இருக்கு, கேட்டியா. மத்தது போர்வைக்குள்ள கெடந்து பேசுது” என்றார் அத்தான்.

“அண்ணாச்சி காத வீட்டுல வச்சுட்டு வந்துட்டாரோ?” என்று இசையமைப்பாளர் சிரித்தார். கண்ணாடிக்கு அப்பால் அது கேட்காது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூர்மையான ஒலிகள் அத்தானின் செவியை விட்டுப் போய்விட்டன என்பது அந்த நொடியே விளங்கியது. ஒலியைப் பற்றி முறையாகப் படித்தவன் நான். மைக்கை அழுத்தி, “உங்க காத அடிச்சுக்க ஆளில்ல அத்தான்” என்றேன். முதலாவதில் வாசித்ததைப் பாட்டில் சேர்த்துவிட்டு, அவர் தேர்ந்ததையே சேர்த்ததாகச் சொன்னேன்.

அவர் மனம் நோகக்கூடாது என்றுதான் மறைத்தேன் என வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். உண்மையைச் சொன்னால் மருத்துவரிடம் போவார்; அவர் வாசிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டால் என் கூடம் படுத்துவிடும். அதற்குத்தான் பயந்தேன். பிறகு அத்தான் ஒவ்வொரு முறையும், “மங்கலா இருக்குலே, இன்னும் கூட்டு” என்பார். அவர் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் ஒலியைக் கூட்டினேன். முன்பே வந்திருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கலாம் என்று கடைசியில் மருத்துவர் சொன்னபோது, அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

இப்போது அக்காவும் அத்தானும் கழக்கூட்டம் என்ற ஊரில் மகன் வீட்டில் இருக்கிறார்கள். காதுக்கருவியாலும் பெரிய பயனில்லை. அக்காவின் மெல்லிய குரல் அவருக்கு அறவே கேட்பதில்லை. பக்கத்தில் போய்ச் சொன்னால் என் கட்டைக் குரல் மட்டும் கேட்கிறது. அதனால் நான் போகும்போதெல்லாம் அக்கா என்னை நடுவில் உட்கார வைக்கிறாள்.

“மோருக்கு உப்பு போதுமான்னு அத்தான்ட்ட கேளு தம்பி.”

கேட்டேன். போதும் என்று தலையாட்டினார். பிறகு என் பக்கம் சாய்ந்து, “ஒங்க அக்கா கொரல் எப்படி இருக்கும்னே மறந்து போச்சுலே” என்றார்.

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அறையில் நாங்கள் இருவர் மட்டும். அன்று மறைத்ததை நான் சொன்னால் அவருக்குக் கேட்கும். சொல்லவில்லை.