வரப்பில் சுரண்டிய பாசி

நாற்பத்தோரு வயதில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். ராசிபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் பாடம் எடுத்துக்கொண்டே, மிச்ச நேரத்தில் நீலப்பச்சைப் பாசியின் ஜீனோமைப் படிக்கும் வேலை. பாசி என்று பேர்தான், உண்மையில் அது வெயிலை உண்டு வாழும் ஒரு பாக்டீரியா. அதன் மரபணு எழுத்துகளை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக வாசித்துவிட்டால், அதற்கு என்னவெல்லாம் செய்யத் தெரியும் என்று சொல்லிவிடலாம்.

பள்ளிபாளையத்தைத் தாண்டி, வாய்க்கால் தண்ணீரில் நெல் போடும் ஒரு வயலில் அந்தப் பாசியை எடுத்திருந்தேன். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துப் பயிருக்குக் கொடுக்கும் இனம் என்று மனசு சொன்னது. இரண்டு வருடம் குடுவைகளில் வளர்த்தேன். ஒரு மே மாத விடுமுறையில் வளர்ப்பு அறையின் ஏசி நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. அத்தனை குடுவையும் வெளுத்துக் கிடந்தது.

"வேற தலைப்பு எடுத்துக்கங்களேன்மா" என்றார் என் வழிகாட்டி. என் நல்லதுக்குத்தான் சொன்னார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் பஸ் ஏறி அந்த வயலுக்கே போனேன்.

வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வயல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வயலுக்குச் சொந்தக்கார அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். வரப்பில் எருமைக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, முன்னாடி பாட்டிலோட வந்த டீச்சர்தானே? இப்ப தண்ணியே இல்லீங்களே, என்னத்தை எடுப்பீங்க?"

"வளர்த்ததெல்லாம் செத்துப்போச்சுங்க" என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். "அட, இதுக்குப் போயி அழுவாங்களா? அது சாகற சென்மமா? வருசா வருசம் காஞ்சு கருகிப் போவுது. மடையைத் தொறந்து உட்டாப் பத்து நாள்ல வந்து நிக்குது. போன வருசம் அதுல வழுக்கி உழுந்து நான் இடுப்பு புடிச்சுக் கெடந்தேன்."

அந்த இனம் காய்ந்தாலும் உயிரோடு கிடக்கும் என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். என் குடுவைகளைப் பறிகொடுத்த துக்கத்தில் அது நினைவுக்கே வரவில்லை. மடைவாய் ஓரம் கறுத்துச் சுருண்டு கிடந்த பொருக்கை இருவருமாகச் சுரண்டி ஒரு காகிதப் பையில் போட்டோம்.

தட்டில் நனைத்து வைத்தேன். ஆறாம் நாள் ஓரத்தில் பச்சை தெரிந்தது. லேப் உதவியாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன், நான் பார்ப்பது நிஜம்தானா என்று தெரிந்துகொள்ள.

அதற்குப் பிறகும் அது லேசில் விடவில்லை. பாசியைச் சுற்றியிருக்கும் கொழகொழப்பு, டிஎன்ஏவைப் பிரிக்கும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. குழாயில் தெளிந்த நூலாக நிற்க வேண்டியது கஞ்சி மாதிரி நின்றது. உப்புக் கரைசலில் திரும்பத் திரும்ப அலசி, ஒருவழியாக வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். வந்த பதிலில் பாதிக்குமேல் வேறு பாக்டீரியாக்களின் எழுத்துகள். அந்தக் கொழகொழப்புக்குள் அவை குடியிருந்திருக்கின்றன. கலந்து கிடந்த எழுத்துகளைக் கணினியில் இனம் இனமாகப் பிரிக்கக் கற்றுக்கொள்ள ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது.

ஒரு சனிக்கிழமை மதியம், துண்டு துண்டாகக் கிடந்த எழுத்துகள் ஒன்றோடொன்று பொருந்தி, முனையும் முனையும் சேர்ந்து ஒரே வளையமாகத் திரையில் நின்றன. ஏறத்தாழ எழுபது லட்சம் எழுத்துகள். தழைச்சத்தைப் பிடிக்கும் மரபணுக்களைத் தேடினேன். ஒன்றுவிடாமல் இருந்தன. ஆள் இல்லாத லேபில் வாய்விட்டுச் சிரித்தேன்.

அடுத்த வாரம் அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். வளையத்தின் படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தனை எழுத்துல என்ன எழுதியிருக்குதுங்க?"

"யூரியா செய்யற வேலையில கொஞ்சத்தை இதுவே செய்யும்னு எழுதியிருக்குங்க. வயல்ல செய்யுதான்னு போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்பப் போட்டுப் பாருங்க. கெழக்கு மூலையில ஒரு பாத்தி உடறேன். நெல்லு நோஞ்சானாப் போச்சுன்னா அந்தப் பாத்தியை நீங்கதான் அறுத்துக் குடுக்கோணும்."

தண்ணீர் விட்டதும் பாசியை வாளியில் கொண்டுபோய் அந்தப் பாத்தியில் தெளித்தோம். அதற்கு யூரியா பாதிதான் போட்டார், பக்கத்துப் பாத்திக்கு முழுசாக. கதிர் வரும்வரை வாரா வாரம் போனேன். பக்கத்துப் பாத்திக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. அறுப்பன்று இரண்டையும் தனித்தனியாகத் தூற்றி அளந்தார். நெல் குறையவில்லை.

ஒரு பாத்தியை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. அதை அவரிடமும் சொன்னேன்.

"அது செரிங்க. அடுத்த போகத்துக்கு மேக்கால நாலு பாத்தி எடுத்துக்கங்க. பக்கத்துத் தோட்டத்து அக்காவும் கேட்டுட்டிருக்குது. வாளி பத்தாது, ட்ரம்ல கொண்டாங்க."

இப்போது கல்லூரி மொட்டைமாடியில், பந்தலுக்குக் கீழே, மூன்று ட்ரம்களில் பாசி வளர்கிறது.