கீழிருந்து படிக்கிறவர்

நைரி டல்லக் கணினி நிரலைக் கீழிருந்து மேலே படிக்கிறார். ஆக்லந்துத் துறைமுகத்தைப் பார்த்த ஐந்தாம் மாடி அலுவலகத்தில், யார் எழுதியதைச் சரிபார்க்கக் கொடுத்தாலும் நேராகக் கடைசி வரிக்குப் போய்விடுவார். கேட்டால் ஒரே பதில்தான். "திறக்கத்தான் எல்லாருக்கும் தெரியுமே. மூடியிருக்காங்களான்னு நான் பாக்கறேன்."

வயது ஐம்பத்தாறு. ஃபீஜோவா பருவத்தில் மதிய உணவே அந்தப் பழம்தான். இரண்டாக வெட்டித் தேக்கரண்டியால் சுரண்டித் தின்றுவிட்டுத் தோலை விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே குவித்து வைப்பார். ஊருக்கெல்லாம் சுத்தம் சொல்கிறவரின் மேசை குப்பைமேடாகக் கிடக்கும். அதைச் சொல்லிக் காட்ட அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை.

அவர் சொல்லும் சுத்தம் வேறு. நிரல் தரவுத்தளத்துக்கு ஓர் இணைப்பைத் திறந்தால், நடுவில் பிழை வெடித்தாலும் அதை மூடிவிட்டே வெளியேற வேண்டும். முன்பு மூடும் வரிகளையும் கையாலேயே எழுதினார்கள். இப்போது நிரல்மொழியே தானாக மூடிக்கொள்கிறது. இன்னும் கையால் மூடுகிறவர்களைக் கண்டால் நைரிக்கு ஆகாது. "மெஷினு ஒழுங்கா செய்யற வேலையில நீ எதுக்குப்பா கைய வைக்கறே? பெரிய கெட்டிக்காரன்னு நெனப்பா?"

போன வாரம் அந்த அலுவலகம் நடத்தும் தீவுப் படகு முன்பதிவு நிரல் தினமும் இரண்டு மணிப் படகின் பெயர் வந்ததும் நின்றுபோனது. பிழைப் பதிவில் ஒரே வாசகம்: இணைப்பை மூட முடியவில்லை. இணைப்பு அமைப்பைப் போன மாதம் மாற்றியவர் மெலே வைப்புலு. ஒப்பந்தத்தில் இருப்பவர், இரண்டு பிள்ளைகளின் தாய். வெள்ளிக்கிழமை அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். மேலாளர் ஹாமிஷ் பிழைக்குக் காரணம் என்று அறிக்கையில் அவர் பெயரை ஏற்கெனவே எழுதிவிட்டார்.

"நான் தொட்டதுல தப்பில்லைங்க. பத்து தடவ பாத்துட்டேன்," என்றார் மெலே.

"அழுவாதே. மொதல்ல அதக் காட்டு."

நைரி கடைசி வரியிலிருந்து ஏறினார். இணைப்பைக் கையால் மூடும் பழைய வரிகள் கண்ணில் பட்டன. "பாத்தியா மெலே? உள்ளே ஏதோ வெடிக்குது. பாதி வேலையில நிக்கிற இணைப்பு மூட மாட்டேங்குது. அது வேற ஒரு பிழையக் கெளப்புது. ரெண்டாவது வந்து மொதல்ல வந்ததை முழுங்கிடுது. நாம அஞ்சு நாளா ரெண்டாவதையே தொரத்திக்கிட்டிருக்கோம்."

அந்த வரிகளை எடுத்துவிட்டு, மூடும் வேலையை நிரல்மொழியிடமே விட்டார். நிரலை மறுபடி ஓட்டியபோது முதல் பிழை மேலே நின்றது. மூட முடியாத கதை அதனடியில் துணைக்குறிப்பாக ஒதுங்கியது. இரண்டு மணிப் படகு பழுதுபார்க்கப் போயிருந்தது. அதன் இருக்கைகளைப் பூஜ்யம் என்று போட்டிருந்தார்கள். எத்தனை விழுக்காடு நிரம்பியது என்று கணக்கிட, நிரல் பூஜ்யத்தால் வகுக்கப் போய் விழுந்திருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"அப்ப நான் இல்ல!" மெலே நாற்காலியில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

சத்தம் கேட்டு வந்த ஹாமிஷ், அப்படியானால் தப்பு யாருடையது என்று கேட்டார். "கையால மூடுனது யாரு? வெச்சு வாங்கிடு நைரி."

எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் வரலாற்றை நைரி திறந்தார். ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி. பக்கத்தில் நைரியின் பெயரே. காது மடல் வரை சூடேறியது. வெட்கம்தான், வேறொன்றுமில்லை. ஹாமிஷ் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "விடு. 'பழைய நிரல்'னு போட்டுடு. எல்லாரும் அப்படித்தானே போடறோம்?"

நைரி அறிக்கையில் மெலேயின் பெயரை அழித்தார். அந்த இடத்தில் 'பழைய நிரல்' என்று அடித்தார். பிறகு எழுத்தெழுத்தாக அழித்துவிட்டு, 'நைரி எலிசபெத் டல்லக்' என்று முழுப் பெயரையும் அடித்து, அலுவலகம் முழுவதற்கும் அனுப்பினார்.