கிரிகல்பொத்த ஏற்றமும் அம்மா எடுத்துவைத்த வாழைப்பழங்களும்

வாயைத் திறந்தால் புகை வரும் அந்தக் குளிரில் அம்மாவின் மேலுதட்டில் வியர்வை இருந்தது. அதைத்தான் முதலில் கவனித்தேன். ஏற்றத்தில் எல்லாருக்கும் வியர்க்கும்தானே என்று நினைத்து நடந்தேன்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நுவரெலியாவில் ஒரு சிறிய விடுதியின் சமையலறையில் வேலை. ஹோட்டன் சமவெளிக்கு விடியுமுன் கிளம்பும் விருந்தினர்களுக்குக் காலைச் சாப்பாட்டுப் பெட்டி கட்டுவது என் பொறுப்பு. பெட்டியை நான் கட்டுவேன், வேறு யாராவது கொண்டுபோய்க் கொடுப்பார்கள். புது ஆட்கள் முன்னால் எனக்குக் குரல் வராது. இரண்டு வருடமாகக் கட்டியும் அந்த இடத்தை நான் பார்த்ததில்லை. இந்தப் பெப்ரவரியில் ஒரு ஞாயிறு லீவு கிடைத்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். உடனே சரி என்றார்.

பெரும்பாலானோர் உலக முடிவு என்னும் பள்ளத்தாக்கு விளிம்பு வரை நடந்துவிட்டுத் திரும்புவார்கள். நாங்கள் கிரிகல்பொத்த போக நினைத்தோம். இலங்கையின் இரண்டாவது உயரமான மலை. போக ஏழு கிலோமீற்றர், வர ஏழு. ஆறேழு மணி நேரம் ஆகும், வழியில் கடை எதுவும் கிடையாது. அதனால் சாப்பாட்டை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

சோறு வேண்டாம் என்று முடிவு செய்தேன். குளிரில் விறைத்துவிடும். எண்ணெய் மிதக்கும் கறியும் வேண்டாம், தேங்காய் எண்ணெய் உறைந்து நாக்கில் ஒட்டும். பாண், அதாவது கடை பிரெட், பையில் நசுங்கிவிடும். கடைசியில் தேங்காய் போட்ட ரொட்டி ஆறு, மிளகாய் இடித்த கட்டச் சம்பல், அவித்த கடலை, அவித்த முட்டை நான்கு, வாழைப்பழம் நான்கு, ஒரு பொட்டலம் குளுக்கோஸ் பிஸ்கட் என்று வைத்தேன். உயரத்தில் பசி மந்தமாகிவிடும் என்று விருந்தினர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

அம்மா பையைத் திறந்து பார்த்தார். பழத்தையும் பிஸ்கட்டையும் எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டார்.

"சீனி வருத்தக்காரிக்கு இதெல்லாம் எதுக்குடி? டொக்டர் ஏசவா?"

"மலை ஏறப் போறோமேம்மா..."

"நான் ஏறாத மலையா?"

மிச்சத்தை வைத்துப் பையைக் கட்டினேன். அம்மா வெறும் தேநீரோடு நீரிழிவு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அதிகாலை நான்கரைக்குக் கிளம்பினோம். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் செல்வம் அண்ணனின் ஓட்டோ, காத்திருந்து கூட்டிவருவதற்கும் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய்.

"ஏங்கக்கா, ஆறு நாளும் மலையில நிக்கிறீங்க, ஏழாவது நாளும் மலையா?" என்றார் அண்ணன்.

"அது தோட்டத் தொரையோட மலை, இது என் மலை. நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

பட்டிப்பொல வழியாகப் போனோம். ஆறு மணிக்கு நுழைவாயில் திறந்தது. டிக்கெட் எடுக்கும்போதே எந்தப் பக்கம் போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். நடக்கத் தொடங்கும் இடத்தில் பைகளைப் பார்ப்பார்கள், பொலித்தீன் உள்ளே போக முடியாது. எங்கள் ரொட்டி துணியில், கடலை டின்னில் இருந்ததால் தொல்லை இல்லை.

ஏழு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். முதலில் புல்வெளி, பிறகு சேறும் வேருமாகக் காடு. ஐந்து பையன்கள் பின்னாலிருந்து வந்தார்கள். கினிகத்தேனைக்காரர்கள், சிங்களமும் தமிழும் கலந்து பேசினார்கள். நான் ஒதுங்கித் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அம்மா, மேல போயிட்டு எறங்க மறந்துறாதீங்க!" என்றான் ஒருவன்.

"நீங்க போங்கப்பா. எறங்கும்போது ஒங்கள நான்தான் தூக்கிட்டு வரணும்."

சிரித்துக்கொண்டே முந்திப் போனார்கள்.

எட்டு மணிக்கு ரொட்டியை நீட்டினேன். அம்மா வாங்கவில்லை. "நிறுத்துட்டுத் தின்னுக்கலாம்" என்றார். தோட்டத்தில் அம்மாவின் பழக்கம் அது. பறித்த கொழுந்தை நிறுவையில் கொடுத்த பிறகுதான் ரொட்டியைப் பிரிப்பார். மலை உச்சிதான் இன்றைக்கு நிறுவை. எட்டரைக்குக் கேட்டபோதும் அதே பதில்தான்.

ஒன்பது மணி இருக்கும். அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து தண்ணீர்ப் போத்தலின் மூடியை எதிர்ப்பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. "நிறுவைக்கு நேரமாச்சு, கூடை எங்கடி?" என்றார். மேலுதட்டு வியர்வை இப்போது கழுத்து வரை வழிந்திருந்தது.

கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நடுக்கம், வியர்வை, புரியாத பேச்சு என்றால் இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது, உடனே இனிப்பு கொடு. என் பையிலோ ரொட்டி, முட்டை, கடலை. எதுவும் உடனே ஏறாது. இனிப்பெல்லாம் வீட்டு அடுப்படியில் இருந்தது.

அம்மாவைப் பாறையில் சாய்த்துவிட்டு மேலே ஓடினேன். வழியில் இளைப்பாறியிருந்த பையன்கள் அப்போதுதான் அடுத்த வளைவைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். கத்தினேன். அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

"அண்ணே! சீனி! சீனி தியனவாத?"

இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டேன், சீனிக்கு இரண்டு பாஷையிலும் ஒரே சொல் என்பது நல்லதாகப் போயிற்று. ஐந்து பேரும் திரும்பி ஓடிவந்தார்கள்.

"சீனி இல்ல தங்கச்சி. டீ இருக்கு, பாணியாட்டம் இனிப்பு. குடிக்கக் குடுக்கலாமா?"

அம்மாவால் விழுங்க முடிந்தது. பிளாஸ்க் மூடியால் ஒன்று, இன்னொன்று. எல்லாரும் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது.

"என்னப்பா எல்லாரும் எழவு வீடு மாதிரி நிக்கிறீங்க?" என்றார் அம்மா.

"இப்ப யாரும்மா யாரத் தூக்குறது?" என்று ஒருவன் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது.

ரொட்டியை எடுத்தேன். அம்மா மேலே பார்த்தார். "இன்னும் கொஞ்சந்தானே, அங்க போயி..."

"இல்லம்மா. இன்னைக்கு நிறுவை இங்கதான்."

என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு ரொட்டி, ஒரு முட்டை. "அப்ப எனக்கு அரைப் பேருதான்" என்றார். கொழுந்து குறைந்த நாளில் பாதிச் சம்பளம் போடுவதைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். அங்கிருந்தே திரும்பினோம். பையன்களில் இருவர் மேலே போகாமல் ஓட்டோ வரை கூடவே வந்தார்கள்.

உச்சியைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை. சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் இருக்கிறது. ரொட்டி, முட்டை, கடலை என்று நான் தேர்ந்ததில் தவறில்லை, நெடுநேரம் தாங்கும். ஆனால் பையில் இருக்கும் சாப்பாடு ஏற்றத்தில் உதவாது, வயிற்றுக்குள் போக வேண்டும். கிளம்புமுன் சாப்பிடுங்கள். பசிக்காவிட்டாலும் மணிக்கு ஒரு முறை நின்று கொஞ்சம் சாப்பிடுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் அன்றைக்கு மாத்திரையை என்ன செய்வது என்று கிளினிக்கில் முன்பே கேளுங்கள். அவர்களுக்குத்தான் இனிப்பு கட்டாயம் வேண்டும். மூன்று தேக்கரண்டி சீனியைக் காகிதத்தில் மடித்து, பையில் அல்ல, சட்டைப்பையில் வையுங்கள். கூட வருபவரிடமும் கொஞ்சம் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.

மறுநாள் விடியுமுன், கொழும்பிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு நான்கு பெட்டி கட்டினேன். வழக்கமாக எடுத்துப் போகும் பையன் கை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு முன்பக்கம் போய், வாசலில் நின்றவர்களிடம், "ஒங்கள்ல யாருக்காவது சீனி வருத்தம் இருக்குங்களா?" என்று கேட்டேன்.